பெட்டகம் மாபிள் நிலத்தில் ஏன் ஒட்டவில்லை?

கொக்குவில், கோண்டாவில் பக்கம் அண்மைக் காலத்தில் எழும்பிய புது வீடுகள் பலவற்றில் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வாசலால் உள்ளிட்டதும் நீளமான ஹோல், தடுப்புச் சுவர் இல்லாமல் அதோடு சேர்ந்த சாப்பாட்டு இடம், அதற்கு அப்பால் பான்ரி. பளபளக்கும் வெள்ளை மாபிள் நிலம் (ரைல்ஸுக்கும் நாங்கள் மாபிள் என்றுதான் சொல்கிறோம்), வெள்ளைச் சுவர், சாம்பல் நிறச் செற்றி. லண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள ஒரு வீட்டின் படம் கட்டுவித்தவரின் போனில் இருந்திருக்கும். அந்த ஹோலுக்குள், பழைய வீட்டில் மிஞ்சிய பெட்டகத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வைத்த பிறகு வீட்டுக்காரருக்கே மனம் ஆறுவதில்லை. படத்தில் அவ்வளவு வடிவாக இருந்தது, இங்கே விற்க வைத்த சாமான் மாதிரி நிற்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு வேறு கவலை. காரைக்குடியில் வாங்கிக் கப்பலில் எடுப்பித்த ஊஞ்சல் பலகை, முதல் பனிக்காலம் முடியமுன்னரே நடுவால் வெடித்துவிடுகிறது. மரம் பழசு, வைரம் பாய்ந்தது, இனி அசையாது என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள்.

இரண்டையும் ரசனைப் பிரச்சினை என்று பேசுவது வழக்கம். ஆனால் அளவுநாடாவும் கொஞ்சம் பௌதிகமும் இருந்தால் இரண்டுமே விளங்கிவிடும்.

எதைப் பாரம்பரியம் என்கிறோம்

சொற்களிலிருந்து தொடங்கலாம். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்ற நான்கும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். மேசையின் லாச்சி அவர்கள் விட்டுப்போன சொல். பெயர் வந்த வழியில்தான் சாமானும் வந்தது. அதற்கு முந்திய வாழ்க்கை பெரும்பாலும் நிலத்தோடு ஒட்டியது. நிலத்தில் இருந்து சாப்பிட்டு, நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவருக்கு அதிகம் தளபாடம் தேவைப்படவில்லை. பாய், மணை, கட்டில், பெட்டகம், ஊஞ்சல் என்று ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். சிங்களத்தில் பெட்டகம என்று சொல்வதும் நம்முடைய பெட்டகத்தைத்தான்.

இந்தியப் பாரம்பரியத் தளபாடம் என்று இன்று விற்கப்படுபவற்றை மூன்று வகையாகப் பிரித்தால் பிறகு பேசச் சுலபம்.

1. தாழ்ந்தவை. மணை, முக்காலி, கயிற்றுக் கட்டில், ஊஞ்சல். நிலத்தில் இருக்கும் உடலுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவை.

2. கலப்பில் பிறந்தவை. நீண்ட கைகளும் பிரம்புப் பின்னலும் கொண்ட சாய்மனைக் கதிரை இதற்கு நல்ல உதாரணம். வடிவம் ஐரோப்பியருடைய தேவைக்கு வந்தது, பிரம்பு ஆசியாவுடையது. பிரம்புப் பின்னல் ஐரோப்பியக் கதிரைகளுக்கே 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்திய வணிகத்தோடுதான் போய்ச் சேர்ந்தது. இங்கே ஒல்லாந்தர் காலத்தில் முதிரையிலும் கருங்காலியிலும் செய்யப்பட்ட அலுமாரிகளும் வாங்குகளும் இந்த வகைதான்.

3. செதுக்கலும் நிறமும் தூக்கலாக உள்ளவை. செட்டிநாட்டுக் கதவுகள், தூண்கள், குஜராத்தின் சங்கேடாவில் கடைந்து அரக்கு நிறம் ஏற்றிய கதிரைகள், ஜோத்பூரில் ஏற்றுமதிக்கென்றே பழசு போலச் செய்யப்படும் அலுமாரிகள். மேலைநாட்டுக் கடைகளில் 'இந்தியன்' என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் காட்டுவார்கள்.

புது வீட்டுக்குள் சண்டை போடாமல் போவது இரண்டாவது வகை. அது ஏற்கெனவே ஒருமுறை கலந்து வந்த சாமான், கதிரை உயரத்துக்குப் பழகியது. சிக்கல் எல்லாம் முதலாவதோடும் மூன்றாவதோடும்தான்.

கண்ணின் உயரம்

இன்றைய கதிரையின் இருக்கை நிலத்திலிருந்து ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர், சாப்பாட்டு மேசை 75. பாயில் சம்மணம் கொட்டி இருப்பவரின் கண், நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றரைச் சுற்றி இருக்கும். கதிரையில் இருப்பவருடையது 115, 120க்குப் போய்விடும். இந்த 40 சென்ரிமீற்றரில்தான் பெட்டகம் தோற்கிறது.

பெட்டகத்தின் அழகு அதன் முன்பலகையில். பித்தளைப் பூட்டுத் தகடு, மூலைகளில் பித்தளைப் பட்டை, சிலவற்றில் தாமரைச் செதுக்கல். பாயில் இருக்கிற ஆளுக்கு அது நேரே முகத்துக்கு முகம். செற்றியில் இருந்து பார்ப்பவருக்குத் தெரிவது மூடி மட்டும். அதை செற்றிக்கு முன்னால் தேநீர் மேசையாக வைத்தால் பாதி வேலைப்பாடு எங்கள் முழங்காலுக்குத்தான் காட்சி. (மூடியின் மேல் பூச்சாடியும் ரிமோட்டும் வைத்தபிறகு அதை எப்படித் திறப்பது என்பது வேறு கதை.) எதிர்ச் சுவரோடு, எட்டுப் பத்து அடி தள்ளி, அரையடி உயரமான ஒரு சாதாரணப் பீடத்தில் ஏற்றிவைத்துப் பாருங்கள். அதே பெட்டகம் அறையைப் பிடித்துவிடும். பீடத்தில் செதுக்கல் வேண்டாம். இரும்புச் சட்டமோ வழுவழுப்பான கட்டையோ போதும்.

அலுமாரிக்கு இதன் மறுபக்கம். பழைய அலுமாரிகள் ஆறரை, ஏழடி உயரமானவை. உயர்ந்த ஓட்டுக் கூரைக்குக் கீழே நின்றவை. தொடர்மாடி வீடுகளில் முகடு எட்டடிதான். ஏழடி அலுமாரிக்கு மேல் ஒரு அடி இடைவெளி மட்டும் விட்டால் அது சிறையில் நிற்பது போலத் தெரியும். அந்த அறையில் வேறு உயரமான பொருள் எதுவும் இருக்கக் கூடாது.

மரம் செத்த பிறகும் மூச்சு விடும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போன தளபாடம் வெடிப்பதற்கும், இங்கே ஏசி போட்ட அறையில் கதவு இறுகுவதற்கும் தளர்வதற்கும் காரணம் ஒன்றே.

மரத்துக்குள் எப்போதும் ஈரம் இருக்கும். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப மரம் ஈரத்தை எடுக்கும், விடும். யாழ்ப்பாணத்துக் காற்றில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70, 80 வீதத்தைச் சுற்றி நிற்கிறது. அந்தக் காற்றில் பல வருடம் நின்ற மரத்தில் ஈரம் அதன் எடையில் சுமார் 14 வீதம். கனடாவில் பனிக்காலத்தில் ஹீற்றர் போட்ட வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 25, 30 வீதத்துக்கு இறங்கிவிடும். அங்கே மரத்தின் ஈரம் 6 வீதத்துக்கு வரும்வரை அது காய்ந்துகொண்டே இருக்கும்.

ஈரம் விடும்போது மரம் சுருங்கும். நீளவாட்டில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம், சுருங்குவது அகலத்தில். எவ்வளவு என்பது பலகையை அறுத்த விதத்தைப் பொறுத்தது. அடிமரத்தின் வளையங்களுக்குக் குறுக்காக அறுத்த பலகை குறைவாகவும், வளையங்களைத் தொட்டபடி அறுத்த பலகை அதன் இரண்டு மடங்குக்கும் சுருங்கும். தேக்குக்குக் கணக்குப் போட்டால், 60 சென்ரிமீற்றர் அகலமான பலகை 14 வீதத்திலிருந்து 6 வீதத்துக்கு வரும்போது 4 முதல் 9 மில்லிமீற்றர் வரை ஒடுங்கும். இத்தனைக்கும் தேக்கு குறைவாக அசையும் மரம்.

ஒடுங்க இடம் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஊஞ்சல் பலகையின் அடியில் குறுக்காக இரண்டு சட்டம் வைத்து இறுக்கித் திருகாணி அடித்திருந்தால், சட்டம் நீளவாட்டில் சுருங்காது, பலகை அகலவாட்டில் சுருங்கப் பார்க்கும். விட்டுக்கொடுக்க ஆள் இல்லை. பலகை வெடிக்கும். மரம் நூறு வயதா, வைரம் பாய்ந்ததா என்பதெல்லாம் இதைத் தடுக்காது. வைரம் உளுவையும் கறையானையும் எதிர்க்கும், ஈரத்தை எதிர்க்காது.

பழைய தச்சர்களுக்கு இது தெரியும். பழைய அலுமாரிக் கதவு ஒன்றைக் கிட்ட நின்று பாருங்கள். சுற்றிவர நாலு சட்டம், உள்ளே பலகை. பலகையின் ஓரம் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் சும்மா செருகியிருக்கும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. மழைக்காலத்தில் அது உப்பும், கோடையில் ஒடுங்கும், கதவு அப்படியே நிற்கும். கோடையில் பலகையின் ஓரத்தில் பொலிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். பலர் அதைப் பழுது என்று நினைத்துப் பசை போட்டு இறுக்கிவிடுகிறார்கள். அடுத்த வருடம் கதவு உண்மையாகவே பழுதாகும்.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. பலகையும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் திருகாணித் துளையை வட்டமாக இல்லாமல் நீள்துளையாக்கச் சொல்லுங்கள். தச்சருக்கு ஒரு மணித்தியால வேலை.

2. குளிர்நாட்டில் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். காற்றுக்கு ஈரம் ஏற்றும் கருவியால் அறையை 40 வீதத்துக்கு மேல் வைத்திருந்தால் சுருக்கம் நன்றாகக் குறையும்.

3. சாமான் போய்ச் சேரும் காலத்தைத் தெரிவு செய்யலாம். கோடையில் போனால் மரம் பல மாதம் மெதுவாகக் காயும். மார்கழியில் பெட்டியைப் பிரித்து ஹீற்றர் அறையில் வைப்பதுதான் மோசம்.

4. பிரம்பு காய்ந்தால் முறியும். மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தொய்ந்த பின்னலும் நனைந்து காயும்போது ஓரளவு இறுகிக்கொள்ளும்.

இங்கே நடப்பது இதன் தலைகீழ். மேலைநாட்டுப் பாணியில், மரத்தூளைப் பசையோடு அமுக்கிச் செய்த பலகையில் வரும் தளபாடம் யாழ்ப்பாண வீட்டுக்குப் பழக்கமில்லாத விருந்தாளி. நாங்கள் நிலத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். நாலு தரம் கழுவியதும் அலுமாரியின் அடிவிளிம்பு பாண் போல ஊதிவிடும். பழைய சாப்பாட்டு அலுமாரிகளின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தது எறும்புக்கு; ஆனால் அவை உயரமான கால்களில் நின்றது இந்தக் கழுவலுக்கும் உதவியது.

வெளிச்சம்

அடுத்தது, ஒரு பல்ப்பின் விலைக்குத் தீர்கிற விடயம். எல்ஈடி பல்ப்பின் பெட்டியில் 6500 கெல்வின் என்றோ 3000 கெல்வின் என்றோ போட்டிருக்கும். 6500 நீலம் கலந்த வெள்ளை, 2700, 3000 மஞ்சள் சாய்ந்த வெள்ளை. கடைகளில் அதிகம் தள்ளிவிடுவது 6500ஐ, 'நல்ல வெளிச்சம்' என்று. தேக்கின் சிவப்பும் முதிரையின் பொன்னிறமும் நீல வெளிச்சத்தில் சாம்பல் பூத்துப்போகும். பெட்டகத்துக்கு நேரே உள்ள ஒரு விளக்கை மட்டும் 2700க்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். மினுக்கமான வெள்ளை மாபிள் அந்த வெளிச்சத்தையும் கண்ணில் திருப்பி அடிக்கும். அதற்கு ஒரு பாய் போதும். பத்தமடைப் பாயோ, நம் ஊர்ப் பனையோலைப் பாயோ, பெட்டகத்துக்குக் கீழே அதைவிட அகலமாக விரித்தால் சாமான் தரையில் மிதக்காமல் இருக்கும்.

கலந்து காட்டியவர்கள்

கொழும்பு 33ஆவது ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தனக்கென நான்கு சிறிய வீடுகளை ஒன்றாக்கி ஒரு வீடு அமைத்தார். அதற்குள் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மரத் தூண்களும் கதவும் உண்டு. சுவர் வெள்ளை, நிலமும் வெள்ளை. ஆனாலும் கொக்குவில் ஹோலில் நடக்கும் விபத்து அங்கே நடக்கவில்லை. வெளிச்சம் விளக்கிலிருந்து வராமல் சிறு முற்றங்களிலிருந்து இறங்குகிறது. ஒரு பார்வைக்கு ஒரு பழம்பொருள்தான் அகப்படுகிறது. தூணைத் தாண்டினால்தான் அடுத்தது. நடுவில் முற்றம் விட்டுச் சுற்றிவரக் கட்டிய நம் நாற்சார் வீட்டில் முற்றத்து வெளிச்சம் செய்த வேலை அது. எல்லாச் சுவரையும் எடுத்துவிட்ட ஹோலில் எல்லாப் பொருளும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்து விழுகின்றன, ஒன்றும் மனதில் நிற்பதில்லை. சுவரைத் திரும்பக் கட்டத் தேவையில்லை. ஒரு மரத்தட்டியோ பிரம்புத் திரையோ அந்த வேலையைச் செய்யும்.

மற்றது சண்டிகார். 1950களில் அந்த நகரத்தைக் கட்டும்போது பியர் ஜான்னரே என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர் அரசாங்க அலுவலகங்களுக்குத் தேக்கும் பிரம்பும் கொண்டு கதிரைகள் வடிவமைத்தார். சாய்ந்த கால், நேர்கோடு, செதுக்கல் ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் உடைந்தவையும் உடையாதவையுமாகக் கழிவு ஏலத்தில் போன அந்தக் கதிரைகள் ஐரோப்பிய ஏலக்கடைகளில் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோகத் தொடங்கின. 2011இல் இந்திய உள்துறை அமைச்சு அவற்றை விற்பதற்கும் வெளியே அனுப்புவதற்கும் தடை போட்டது. பாரிஸ், நியூயோர்க் வீடுகளில் 'இந்தியத் தளபாடம்' இலகுவாகப் பொருந்தியதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை: எலும்பு நவீனம், சதை நம்முடைய மரமும் பிரம்பும்.

கயிற்றுக் கட்டிலுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. 2017இல் ஆஸ்திரேலியாவில் 990 டொலருக்கு ஒன்று விளம்பரமாகி இந்தியாவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை. கோடு குறைந்த, பாரமில்லாத, காற்றோட்டமான ஒரு கட்டில் அது. மேலைநாட்டுப் பாணியோடு அது சண்டை போட ஒன்றுமில்லை.

சாமான் சாமானாக

1. ஊஞ்சல். இதில் அழகைப் பிறகு பார்க்கலாம், முதலில் கொக்கி. இரண்டு பேர் இருந்து வேகமாக ஆடும்போது கொக்கியில் விழும் இழுவை அவர்களின் நிறையைப் போல ஒன்றரை, இரண்டு மடங்குக்குப் போகும். 150 கிலோ என்றால் 300 கிலோவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும், பலகையும் சங்கிலியும் வேறு. கொங்கிறீட் முகட்டில் பொறியியலாளர் சொன்ன இடத்தில் போடுங்கள். வெளிநாட்டு வீடுகளில் முகடு பெரும்பாலும் ஜிப்சம் பலகை. அது ஒரு பூச்சாடியைத்தான் தாங்கும், மேலே உள்ள மரச் சட்டத்தைக் கண்டுபிடித்துத்தான் கொக்கி போட வேண்டும். அதோடு முன்னும் பின்னும் நாலடி வெறுமையாக விட முடியாவிட்டால் ஊஞ்சலை மறந்துவிடலாம். ஆடாத ஊஞ்சல் தொங்கும் வாங்கு.

2. கட்டில். பழைய கட்டில்களுக்கு நிலையான அளவு இல்லை, மெத்தைகளுக்கு உண்டு. பிரித்தானியாவில் டபுள் மெத்தை 4 அடி 6 அங்குல அகலம், 6 அடி 3 அங்குல நீளம். கனடாவில் குயீன் 60க்கு 80 அங்குலம். கட்டிலை வாங்கமுன் உள்ளளவை எடுங்கள். தலைமாட்டையும் கால்மாட்டையும் வைத்துக்கொண்டு பக்கச் சட்டத்தை மட்டும் புதிதாகச் செய்விப்பது நல்ல வழி.

3. சாய்மனைக் கதிரை. ஒன்றும் செய்யத் தேவையில்லை. யன்னலோரம் போட்டால் போதும்.

4. கதவை மேசையாக்குவது. செதுக்கிய பழங்கதவைக் கிடத்தி மேலே கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசை ஆக்கும் மோகம் ஒன்று இருக்கிறது. பத்து மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு 25 கிலோ. ஆறரை அடிக் கதவுக்கு 45 கிலோவுக்குக் கிட்ட வரும். செதுக்கலுக்குள் சோற்றுப் பருக்கை போனால் கண்ணாடியைத் தூக்க நாலு பேர் வேண்டும். நிமிர்ந்து நிற்கச் செய்ததை நிமிர்த்தியே, சுவரில் சாத்தி வைக்கலாம்.

5. பொலிஷ். பழைய சாமானில் இருப்பது பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசிய பொலிஷ். பெயர் பிரெஞ்சு பொலிஷ், அரக்கோ அதிகம் இந்தியாவிலிருந்து போவது. சூடான தேநீர்க் கோப்பையை வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பது உண்மைதான், ஆனால் அதன்மேல் அரக்கையே பூசித் திருத்த முடியும். தேய்த்து எடுத்துவிட்டுப் பிளாஸ்ரிக் போன்ற மினுக்குப் பூச்சு அடித்தால் நூறு வருட நிறமும் போகும், திரும்பவும் வராது.

வாங்கும்போதும் அனுப்பும்போதும்

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் பலர் கண்டது நிலையும் கதவும் இல்லாத சுவர்களைத்தான். அதனால் இங்கே உண்மையான பழஞ்சாமான் குறைவு, பழசாக்கிய புதுசு அதிகம். நட்சத்திர வாய் திருகாணி 1930களில் வந்தது. 'ஒல்லாந்தர் காலத்து' அலுமாரியின் பழைய பொருத்துகளில் அது இருந்தால் பிறகு திருத்தியதா, நேற்றுச் செய்ததா என்று கேளுங்கள். லாச்சியின் மூலையைப் பாருங்கள்: கையால் வெட்டிய புறாவால் பொருத்து (புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டும் பொருத்து) ஒன்றைப் போல ஒன்று இருக்காது. சிறு துளைகளுக்குக் கீழே புது மா கொட்டியிருந்தால் உளு இன்னும் உயிரோடு இருக்கிறது, வீட்டுக்குள் எடுக்க வேண்டாம்.

நாட்டைவிட்டு அனுப்புவதானால் காகித வேலை முதலில். இலங்கையில் தொல்பொருள்களையும் கலாசாரப் பொருள்களையும் வெளியே அனுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஈட்டி மரம் உள்ளிட்ட அதன் பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. பொதிக்கும் மரப்பெட்டிக்கும் விதி உண்டு: மரத்தின் உள்நடு 56 பாகை செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கப்பட்டோ, வேறு அங்கீகரித்த முறையில் பதப்படுத்தப்பட்டோ முத்திரை குத்தியிருக்க வேண்டும். இது பெட்டிக்குரிய விதி, உள்ளே போகும் தளபாடத்துக்கு அந்தந்த நாட்டின் தனிச் சோதனை வரும்.

கடைசியாக, பிரிப்பது. பழைய கட்டில்களிலும் பெரிய அலுமாரிகளிலும் பல, ஆப்பைத் தட்டினால் கழன்று வருபவை. கழற்றமுன் பொருத்துகளின் உட்பக்கத்தில் ரோர்ச் அடித்துப் பாருங்கள். தச்சர் உளியால் வெட்டிய சிறு கோடுகள் இருக்கலாம்: ஒரு கழுந்தில் (துளைக்குள் செருகும் முனையில்) ஒன்று, அடுத்ததில் இரண்டு, மூன்று. ஒரு கோட்டுக் கழுந்து ஒரு கோட்டுத் துளைக்குள்தான் போகும். கோடு இல்லாவிட்டால் சோக்கால் நீங்கள் எழுதுங்கள், படமும் எடுத்துவையுங்கள். கனடாவின் மிசிசாகாவில் அந்தப் பெட்டியைப் பிரிக்கப் போகிறவருக்கு எந்தக் கால் எந்த மூலைக்கு என்று தெரிந்திருக்காது.